எடைக்கருவியைக் கடைசியில் எடுங்கள்: பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும், தாளாளர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர்களுக்கும்,

அன்புடையீர், வணக்கம்.

குழந்தை மருத்துவம், உணவியல், உடற்கல்வி, பள்ளிச் சுகாதாரம் ஆகிய துறைகளில் வேலை செய்யும் சிலர் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். பள்ளி திறந்த கையோடு ஆண்டுத் திட்டம் போடுவீர்கள். இப்போதெல்லாம் அதில் 'உடற்பருமன் விழிப்புணர்வு' என்று ஒரு வரி இடம்பிடித்துவிடுகிறது. அதற்கு நன்றி. ஆனால் அந்த வரியின் பெயரில் நடப்பது என்ன? ஒரு டாக்டரின் ஒரு மணி நேரப் பேச்சு, காய்கறிப் படம் வரையும் போட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எடை பார்ப்பது, வீட்டுக்கு ஒரு சுற்றறிக்கை. மறுநாள் கேன்டீனில் அதே பஃப்ஸ், பி.டி. பீரியடில் அதே கணக்குப் பாடம்.

இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறோம். முதலில் தண்ணீர்க் குழாய். அடுத்து மைதானம், அதற்கடுத்து கேன்டீன், பிறகு வீடு. எடைக்கருவி கடைசி. ஒரு பிள்ளை பள்ளியில் இருக்கும் ஏழு மணி நேரத்தில் எதைக் குடிக்கலாம், எத்தனை நிமிடம் ஓடலாம், பத்து ரூபாய்க்கு என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் அந்தப் பிள்ளை முடிவு செய்வதில்லை, நீங்கள் முடிவு செய்கிறீர்கள். உங்கள் கையில் இருப்பதை முதலில் மாற்றுங்கள்.

அவசரம் எவ்வளவு என்பதற்கு ஒரே ஒரு கணக்கு போதும். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை கொண்டவர்கள். இவர்களில் பெரும்பாலோர் நம் பள்ளிகளில் படித்துப் போனவர்கள். அதே வகுப்பறையில் இரத்தசோகையோடும் மெலிந்தும் வரும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் சாப்பாட்டைக் குறைக்கும் எந்தத் திட்டமும் பள்ளிக்கு ஆகாது. கீழே சொல்லும் ஒவ்வொன்றும் மெலிந்த பிள்ளைக்கும் பருத்த பிள்ளைக்கும் ஒருசேர நல்லது செய்வதாக இருக்க வேண்டும் என்று பார்த்தே எழுதியிருக்கிறோம்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் மலிவானது அதுதான், பலன் தந்ததற்குச் சான்றும் அதற்கு உண்டு. ஜெர்மனியில் டார்ட்முண்ட், எஸ்ஸன் நகரங்களின் ஏழைப் பகுதிகளில் உள்ள 32 தொடக்கப் பள்ளிகளை 2006-07 கல்வியாண்டில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில் குடிநீர் ஊற்றுகள் வைத்து, பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்து, தண்ணீரைப் பற்றி நான்கு பாடங்கள் நடத்தினார்கள். வேறொன்றும் செய்யவில்லை. அந்தப் பிள்ளைகள் நாளுக்கு ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். ஆண்டு முடிவில் அவர்கள் அதிக எடைக்குப் போகும் வாய்ப்பு மற்றப் பள்ளிகளைவிட 31 விழுக்காடு குறைந்திருந்தது.

கேரளத்தில் 2019-இல் பரவிய 'வாட்டர் பெல்' இங்கேயும் வந்துவிட்டது. மணி அடிப்பது நல்லதுதான். அடித்த பிறகு எத்தனை குழாய் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அரை லிட்டர் பாட்டிலை நிரப்ப 15 விநாடி, அடுத்தவர் வந்து பாட்டிலை வைக்க 5 விநாடி. ஒரு குழாயில் நிமிடத்துக்கு மூன்று பேர், பத்து நிமிட இடைவேளையில் முப்பது பேர். 600 பிள்ளைகளில் பாதிப்பேர் வந்தாலும் பத்துக் குழாய் வேண்டும். நான்கு குழாய் இருக்கும் பள்ளியில் முதல் மணிக்கு 120 பேர் குடிப்பார்கள், மீதிப்பேர் வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள்தான் எப்போதும் அந்த மீதிப்பேர். எனவே குழாய்களை இரண்டு உயரங்களில் வையுங்கள்: தொடக்க வகுப்புகளுக்குத் தரையிலிருந்து 65 சென்டிமீட்டர், பெரியவர்களுக்கு 90. குழாய்க்குக் குழாய் அரை மீட்டர் இடைவெளி இருக்கட்டும். அழுத்தினால் மட்டும் நீர் வரும் வகைக் குழாய் பிள்ளைகள் கையில் ஒரு பருவம் தாங்குவதே கஷ்டம். அரைச் சுற்றில் திறந்து மூடும் சாதாரணக் குழாயே போதும்.

ஆர்.ஓ. இயந்திரம் வாங்கியவர்கள் அதன் மேல் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். மணிக்கு 50 லிட்டர் என்றிருந்தால் அது வடிகட்டும் வேகம். முதல் இடைவேளையில் பத்து நிமிடத்துக்குள் 150 லிட்டர் போய்விடும். பின்னால் 300 லிட்டர் சேமிப்புத் தொட்டி இல்லாவிட்டால் அதற்குள் குழாய் காய்ந்துவிடும். முதல் நாள் இரவே தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். வடிகட்டி மாற்றிய தேதியை இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் ஒருமுறை வாடை அடித்தால் பிள்ளைகள் மாதக்கணக்கில் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

அடுத்து, பலர் தண்ணீரோடு சேர்த்துப் பார்க்காத ஒன்று. பெண்பிள்ளைகளில் பலர் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் வீட்டில் கழிவறை போய்விட்டு வந்தால் மறுபடி மாலை வீட்டில்தான் என்று வைத்துக்கொள்கிறார்கள். பள்ளிக் கழிவறையில் தாழ்ப்பாள் இருக்காது, வாளி இருக்காது, நாப்கின் போடக் கூடை இருக்காது. ஏழு மணி நேரம் நா வறள இருந்துவிட்டு வாசலுக்கு வரும் பிள்ளை பத்து ரூபாய் கூல்டிரிங்ஸை வாங்கத்தான் செய்யும். தாழ்ப்பாளும் கூடையும் வாளியும் வாங்கும் செலவை உடற்பருமன் தடுப்புக் கணக்கிலேயே எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரு நாளைக்கு இரண்டு முறை, முதல் இடைவேளைக்கு முன்பும் மதிய உணவுக்குப் பிறகும், கழுவ ஆள் வேண்டும். காலையில் மட்டும் கழுவினால் பதினோரு மணிக்கு மேல் உள்ளே கால் வைக்க முடியாது.

இனி மைதானம். ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். வகுப்பிலிருந்து இறங்கி வரவும், வருகைப்பதிவுக்கும், திரும்பப் போகவும் கழித்தால் 25 நிமிடம் மிஞ்சும். அந்த 25 நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை நிமிடம் ஓடுகிறது?

கோ-கோ ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். விரட்டும் அணியில் எட்டுப்பேர் குந்தியிருக்க ஒருவர் ஓடுவார். தப்பிக்கும் அணியிலிருந்து மூன்று மூன்று பேராகத்தான் களத்துக்குள் வருவார்கள். ஆக, இரண்டு அணியிலும் சேர்த்து ஆடுகிறவர் பதினெட்டுப் பேர், எந்தக் கணத்திலும் ஓடுகிறவர் நான்கு பேர். 45 பேர் உள்ள வகுப்பில் மீதி 27 பேர் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்கள். கபடியும் அப்படித்தான். போட்டிக்கு அணி தயார் செய்ய இவை அருமையான ஆட்டங்கள். வகுப்பு முழுவதையும் வியர்க்க வைக்க இவை போதாது. வெளியே உட்கார்ந்திருக்கும் 27 பேரில் யார் இருப்பார்கள் என்று பி.டி. மாஸ்டரைக் கேட்டால் தயங்காமல் சொல்வார். ஓட்டம் குறைந்த பிள்ளையை யாரும் அணியில் எடுப்பதில்லை. ஸ்கோர் எழுதவோ பந்து பொறுக்கவோ அனுப்பிவிடுவார்கள். அவுட்டானால் வெளியேறு என்னும் ஆட்டங்கள் எல்லாமே, அதிகம் ஓட வேண்டிய பிள்ளையை முதலில் உட்கார வைக்கும் ஆட்டங்கள்தான்.

மாற்று ஏற்பாடு கடினமில்லை. 45 பேரை ஒன்பது ஒன்பதாக ஐந்து குழுவாகப் பிரியுங்கள். மைதானத்தில் ஐந்து இடம்: ஒன்றில் ஸ்கிப்பிங், ஒன்றில் ஏழு கல், ஒன்றில் பாண்டிக் கட்டம் மூன்று, ஒன்றில் இருவர் இருவராகப் பந்து எறிந்து பிடிப்பது, ஒன்றில் செங்கல் நட்டு வளைந்து வளைந்து ஓடுவது. நான்கு நிமிடத்துக்கு ஒரு விசில், குழு அடுத்த இடத்துக்கு ஓடும். 25 நிமிடத்தில் எல்லோரும் எல்லாமும் ஆடிவிடுவார்கள். யாரும் தோற்று வெளியேற வேண்டியதில்லை. ஸ்கிப்பிங் கயிறு கடையில் வாங்கினால் கைப்பிடி சீக்கிரம் கழன்றுவிடும். எட்டு மில்லிமீட்டர் நைலான் கயிற்றை வெட்டி, முனையைத் தீயில் உருக்கி, முடிச்சுப் போட்டால் வருடக்கணக்கில் வரும். நடுவில் மிதித்து நின்றால் இரு முனையும் அக்குள் வரை வர வேண்டும். அதைவிட நீளமானால் கால் தடுக்கும், குட்டையானால் குனிந்தே குதிப்பார்கள். வாரம் ஒரு நாள் கிளித்தட்டு வையுங்கள். கோட்டில் நிற்பவர், தாண்டுபவர் எல்லோருமே ஓயாமல் அசையும் ஆட்டம் அது. வேகம் போதுமா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஆடும்போது பிள்ளையால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான அளவு.

பி.டி. மாஸ்டர் ஒருவர், பிள்ளைகள் பல நூறு பேர் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால்தான் வகுப்பாசிரியர்களே நடத்தக்கூடிய தினசரி 15 நிமிடத்தைக் கேட்கிறோம். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் 2012-இல் தொடங்கியது இந்த வழக்கம். உடை மாற்றாமல், கருவி இல்லாமல், வகுப்போடு வெளியே வந்து பதினைந்து நிமிடம் அவரவர் வேகத்தில் ஓடியோ நடந்தோ திரும்பிவிடுவார்கள். நம் ஊரில் இறைவணக்கம் முடிந்ததும் இதற்கு நல்ல நேரம், வெயில் ஏறியிருக்காது. பதினொன்று முதல் மூன்று மணி வரை திறந்தவெளியில் எதையும் வைக்காதீர்கள். மைதானம் இல்லாத நகரப் பள்ளிகள் வராந்தாவைச் சுற்றலாம், கைப்பிடிச் சுவர் உயரமாக இருந்தால் மொட்டை மாடியையும் பயன்படுத்தலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வகுப்புக்குள்ளேயே கோலாட்டக் குச்சி போதும்.

இரண்டு விஷயங்களை இப்போதே நிறுத்திவிடச் சொல்கிறோம். தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவது முதலாவது. ஓட்டம் என்றாலே அவமானம் என்று அந்தப் பிள்ளையின் மனதில் பதிந்துவிடும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வைக் காரணம் காட்டி பி.டி. பீரியடையே எடுத்துவிடுவது இரண்டாவது. காலை ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், இரவு எட்டுவரை டியூஷன், அதன்பின் வீட்டுப்பாடம் என்றிருக்கும் பிள்ளைக்கு மைதானமும் இல்லை, தூக்கமும் இல்லை. பதின்பருவத்தில் எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்புக்கும் பொரித்ததற்கும்தான் கூடும்.

பெண்பிள்ளைகளுக்கு பி.டி. நாளில் துப்பட்டாவும் ஊக்கும் இல்லாத விளையாட்டு உடையைக் காலையிலேயே போட்டுவர அனுமதியுங்கள். உடை மாற்ற அறை இல்லாத பள்ளியில் இந்த ஒரு சலுகை போதும், பாதி வகுப்பு மைதானத்துக்கு வரும்.

கேன்டீனுக்கு வருவோம். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பள்ளி உணவு ஒழுங்குமுறை 2020 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளிக்குள்ளோ பள்ளி வாசலிலிருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாது, பிள்ளைகளுக்கு விளம்பரமும் செய்யக் கூடாது. விளையாட்டு விழா பேனரில் கூல்டிரிங்ஸ் கம்பெனியின் பெயர் போடுவதும் விளம்பரம்தான். மீறல் தொடர்ந்தால் உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். ஆனால் வாசலில் தள்ளுவண்டியில் மாங்காயும் கொய்யாவும் வேகவைத்த கடலையும் விற்கும் அம்மாவை விரட்ட இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தாதீர்கள். பிள்ளைகள் பழம் வாங்கும் ஒரே இடம் பெரும்பாலும் அந்த வண்டிதான். சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகளை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கையும் கத்தியும் கழுவ ஒரு குடம் நல்ல தண்ணீர் பள்ளியிலிருந்து கொடுங்கள்.

பள்ளிக்குள் இருக்கும் கேன்டீன் ஏன் மாறுவதில்லை? காரணம் சமையலறையில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதிக வாடகை தருவதாகச் சொன்னவருக்கு இடத்தைக் கொடுக்கிறோம். அவர் அந்த வாடகையை எடுக்க, கெடாத, சமைக்க ஆள் வேண்டாத, லாபம் அச்சடித்து வரும் பொருளை விற்கிறார். பாக்கெட்டும் பாட்டிலும் அப்படித்தான் வருகின்றன. வாடகையைக் குறைக்காமல் பட்டியலை மட்டும் மாற்றச் சொன்னால் இரண்டு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். புதிய ஒப்பந்தத்தில் வாடகையைக் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக நான்கு நிபந்தனைகளை எழுதுங்கள்: விற்கக்கூடிய பொருள்களின் பட்டியலும் விலையும்; இனிப்புப் பானங்கள் எதுவும் கிடையாது; எண்ணெயில் பொரித்தது வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு வகை மட்டும், அன்றைய எண்ணெயை அன்றோடு ஒதுக்குவது; உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று கேன்டீன் சுவரில் தொங்குவது.

மாற்று உணவு என்று சொல்லிவிட்டு முளைப்பயறு சாலட் வைத்துப் பார்த்த பள்ளிகள் உண்டு. பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை. வீட்டில் சாப்பிட்டுப் பழகியதையே வையுங்கள். சுண்டல், வேகவைத்த வேர்க்கடலை, மக்காச்சோளம், குழிப்பணியாரம், காரக் கொழுக்கட்டை, இட்லி, வாழைப்பழம், நீர்மோர். சுண்டலின் கணக்கைச் சொல்கிறோம். ஒரு கிலோ கொண்டைக்கடலையை இரவு எட்டு மணி நேரம் ஊறவைத்து வேகவைத்தால் இரண்டு கிலோவுக்குக் குறையாமல் வரும். நூறு கிராம் கிண்ணத்தில் இருபது கிண்ணம். கடலை கிலோ 100 ரூபாய், தாளிப்பு, தேங்காய், எரிவாயுவுக்கு 40 ரூபாய் என்று வைத்தாலும் கிண்ணம் ஏழு ரூபாய்தான் ஆகிறது. பத்து ரூபாய்க்கு விற்கலாம். இது கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். ஏழு மணிக்கே தேங்காய்த் துருவலைக் கலந்துவிட்டால் வெயில் காலத்தில் பதினோரு மணிக்குள் புளித்த வாடை வரும். ஒரு நாள் அப்படி ஆனால் அடுத்த வாரம் முழுதும் சுண்டல் விற்காது. தண்ணீரை முழுக்க வடித்து, உலரத் தாளித்து, தேங்காயையும் மாங்காய்த் துண்டையும் விற்கும் நேரத்தில் தூவ வேண்டும். நீர்மோருக்கு ஒரு லிட்டர் தயிரில் மூன்று லிட்டர் நல்ல தண்ணீர், இரண்டு தேக்கரண்டி உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை சேர்த்தால் 250 மில்லியில் பதினாறு டம்ளர் வரும். மண்பானையில் வைத்தால் ஐஸ் வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பைக்குள் கொண்டுவந்து விற்கத் தொடங்கிவிடுவார்கள். முதல் மாதம் பாட்டில் பானம், இரண்டாம் மாதம் சிப்ஸ் பாக்கெட், மூன்றாம் மாதம் பஃப்ஸும் கிரீம் பன்னும் என்று எடுங்கள். ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே மாற்றுப் பொருள் கண்ணுக்கு நேரே, முன்வரிசையில் இருக்கட்டும்.

சி.பி.எஸ்.இ. 2025 மே மாதம் தன் பள்ளிகளைச் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. மற்றப் பள்ளிகளும் வைக்கலாம். ஆனால் அலுவலக வாசலில் ஆங்கிலத்தில் சட்டம் போட்டு மாட்டினால் அதைப் பார்க்கப்போவது விருந்தினர்தான். கேன்டீன் வரிசையில், தமிழில், பிள்ளையின் கண் உயரத்தில் வையுங்கள். படத்துக்குப் பதில் உண்மையான சர்க்கரையைச் சிறு உறைகளில் கட்டித் தொங்கவிடுங்கள். 250 மில்லி கோலாவில் ஏறத்தாழ 26 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. ஒரு நாள் முழுதுக்கும் சேர்த்துக் கூடுதல் சர்க்கரை 25 கிராமுக்குள் இருக்க வேண்டும். அந்த உறையைக் கையில் தூக்கிப் பார்த்த பிள்ளை மறக்காது.

அரசுப் பள்ளிகளின் சத்துணவையும் காலை உணவையும் பற்றிச் சொல்ல எங்களிடம் புகார் இல்லை. முட்டையும் பருப்பும் காயும் உள்ள அந்தத் தட்டு, பல தனியார் பள்ளிப் பிள்ளைகளின் டிபன் பாக்ஸைவிட மேலானது. சாம்பாரில் காயும் கீரையும் சொன்ன அளவுக்கு விழுகின்றனவா என்று மட்டும் மேலாண்மைக் குழு வாரம் ஒருமுறை பார்க்கட்டும்.

பிறந்தநாள் சாக்லேட் சின்ன விஷயம்தான். ஒரு மிட்டாயால் யாரும் பருத்துவிடுவதில்லை. ஆனால் ஐம்பது பேர் உள்ள வகுப்பில் ஆண்டுக்கு ஐம்பது பிறந்தநாள், வேலை நாள் இருநூற்றுச் சொச்சம். நான்கு நாளைக்கு ஒரு முறை வகுப்பில் இனிப்பு. நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுத்து, அதில் பிள்ளையின் பெயரை எழுதிக் கைதட்டினால் அதே மகிழ்ச்சி கிடைக்கும்.

வீட்டுக்கு அனுப்பும் சுற்றறிக்கைகளைக் குறையுங்கள். திங்கள் பழம், செவ்வாய் பாதாம், புதன் முளைகட்டியது என்று அட்டவணை போட்டால், காலை ஐந்தரைக்கு எழுந்து வேலைக்கு ஓடும் அம்மாவின் தலையில்தான் அது விடிகிறது. 'பாக்கெட் பிரித்துச் சாப்பிடுவது வேண்டாம்' என்ற ஒரே விதி போதும். பெற்றோர் கூட்டத்துக்குத் தாத்தா பாட்டிகளையும் அழையுங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு நான்கு மணிக்கு என்ன கொடுப்பது என்று முடிவு செய்வது பல வீடுகளில் அவர்கள்தான். சீனாவின் குவாங்சோ நகரில் நாற்பது தொடக்கப் பள்ளிகளில் நடந்த திட்டம் தாத்தா பாட்டிகளையும் சேர்த்துக்கொண்டது. பள்ளிச் சாப்பாட்டையும் மேம்படுத்தி, வீட்டாரோடும் பேசி, பிள்ளைகளின் உடல் நிறைக் குறியீட்டில் (பி.எம்.ஐ., அதாவது கிலோ கணக்கிலான எடையை மீட்டர் கணக்கிலான உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) அளவிடக்கூடிய குறைவைக் காட்டியது. இங்கிலாந்தில் பர்மிங்காம் வட்டாரத்தின் 54 பள்ளிகளில் நடந்த இன்னொரு பெரிய திட்டம் எடையில் வேறுபாடு எதையும் காட்டவில்லை. இதையும் சொல்லிவிடுவது நேர்மை. பள்ளி மட்டும் செய்யும் வேலைக்குக் கிடைக்கும் பலன் சிறியது, மெதுவாக வருவது. முதல் ஆண்டிலேயே சராசரி எடை குறையவில்லை என்று கைவிட்டுவிடாதீர்கள்.

கடைசியாக எடைக்கருவி. சிங்கப்பூர் 1992-இல் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்ற திட்டத்தைப் பள்ளிகளில் கொண்டுவந்தது. அதிக எடையுள்ள பிள்ளைகளைத் தனியே பிரித்துக் கூடுதல் உடற்பயிற்சி கொடுத்தார்கள். எண்கள் குறையத்தான் செய்தன. ஆனால் திட்டத்தின் சுருக்கப் பெயரான டி.ஏ.எஃப். என்பதைத் திருப்பிப் படித்து 'ஃபேட்' (குண்டு) என்று கேலி செய்தார்கள். பிரித்து நிறுத்தப்பட்ட பிள்ளைகள் பட்ட அவமானம் பெரும் விமர்சனமாகி, 2007-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு எல்லாப் பிள்ளைகளுக்குமான திட்டத்துக்கு மாறினார்கள். கலிஃபோர்னியாவில் பள்ளியில் எடை பார்த்து, பிள்ளைகளின் குறியீட்டை வீட்டுக்கு எழுதி அனுப்பிப் பார்த்தபோது எடை மாறவில்லை, தன் உடல்மேல் பிள்ளைக்கு இருந்த மனக்குறைதான் கூடியது. எடையைத் தெரிவிப்பதையே தடுப்பு என்று நினைத்துவிடக் கூடாது.

அதையும் மீறி அளப்பதென்றால் சரியாக அளக்க வேண்டும். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற மத்திய அரசுக் குழந்தைநலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை வரும், அவர்களே அளக்கட்டும். தனியார் பள்ளிகளுக்கு: கருவியைச் சமமான தரையில் வையுங்கள், பாய் மேலோ கம்பளத்தின் மேலோ வேண்டாம். அளக்கும் நாளில் மளிகைக் கடையிலிருந்து பத்துக் கிலோ எடைக்கல் ஒன்று வாங்கிவந்து முதலில் அதை நிறுத்துப் பாருங்கள். காலணி, பெல்ட், பாக்கெட்டில் உள்ளவை வெளியே. உயரத்துக்குக் குதிகால், பிட்டம், தோள் மூன்றும் சுவரைத் தொட வேண்டும், காதுத் துளையும் கண்ணின் கீழ்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள்.

உயரத்தில் என்ன தவறு நடக்கிறது என்று பாருங்கள். ஏழு வயதுப் பெண், 120 சென்டிமீட்டர், 25 கிலோ. குறியீடு 17.4. அந்த வயதில் 17.3-ஐத் தாண்டினால் அதிக எடை என்கிறது உலகச் சுகாதார நிறுவன அட்டவணை. அதே பிள்ளையின் உச்சிக் கொண்டையின் மேல் அளவுகோலை வைத்து 123 என்று எழுதிவிட்டால் குறியீடு 16.5 ஆகிவிடும், பிள்ளை பட்டியலிலேயே வராது. மூன்று சென்டிமீட்டர் ரிப்பன் செய்யும் வேலை இது. அதைவிடப் பெரிய தவறு, பெரியவர்களுக்கான 25 என்ற எல்லையைப் பிள்ளைகளுக்கு வைப்பது. 138 சென்டிமீட்டர் உயரமும் 42 கிலோ எடையும் உள்ள பத்து வயதுப் பையனின் குறியீடு 22. பெரியவர் என்றால் கவலையில்லை. பத்து வயதுப் பையனுக்கு 21.4-க்கு மேல் போனாலே உடற்பருமன். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடம் நம் பிள்ளைகளுக்கென்றே போட்டது. வயது, பால் பார்த்து அதில் புள்ளி வையுங்கள்.

அளப்பது திரைக்குப் பின்னால், ஒருவர் ஒருவராக. எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. வகுப்புத் தலைவர் கையில் பதிவேட்டைக் கொடுக்கக் கூடாது. கழுத்தின் பின்புறமும் அக்குளும் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கு அல்ல, தேய்த்தால் போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அது. இந்த அடையாளம் உள்ள பிள்ளை, எடை கூடிக்கொண்டே போக உயரம் மட்டும் வகுப்பிலேயே குறைவாக நின்றுவிட்ட பிள்ளை, இரவில் பலமாகக் குறட்டை விட்டு வகுப்பில் தூங்கும் பிள்ளை, இடுப்பும் முட்டியும் வலித்து நொண்டும் பிள்ளை, இவர்களின் பெற்றோரை மட்டும் நேரில் அழைத்து, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் எடையைக் குறைக்க வேண்டியதில்லை, உயரம் எட்டிப் பிடிக்கும்வரை எடை கூடாமல் நின்றால் போதும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அன்று இரவே சோற்றை நிறுத்திவிடுவார்கள்.

ஆசிரியர் அறைக்கு ஒரு சொல். குண்டு, பூசணி, தடியா என்ற சொற்கள் பிள்ளைகளின் வாயில் மட்டும் இல்லை. செல்லமாகச் சொன்னாலும் வேண்டாம். கேலிக்குப் பயந்து மைதானத்தைத் தவிர்க்கும் பிள்ளைக்கு மேலே சொன்ன எந்த ஏற்பாடும் போய்ச் சேராது.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு முன் ஒரு வேலை நாளைத் தேர்ந்தெடுத்து மூன்று பேரை நிறுத்துங்கள். ஒருவர் முதல் இடைவேளையில் குழாயருகே நின்று, எத்தனை பேர் தண்ணீர் குடித்தார்கள், எத்தனை பேர் வரிசையைப் பார்த்துத் திரும்பினார்கள் என்று குறிக்கட்டும். இன்னொருவர் ஒரு பி.டி. பீரியடில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மைதானத்தைப் பார்த்து, அந்தக் கணத்தில் எத்தனை பேர் அசைகிறார்கள், எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணட்டும். மூன்றாமவர் கேன்டீனில் எந்தப் பொருள் எத்தனை போனது என்று எழுதட்டும். மூன்று தாள்களையும் கூட்டத்தில் மேசைமேல் வைத்துப் பேசத் தொடங்குங்கள். ஆறு மாதம் கழித்து அதே போன்ற ஒரு நாளில் மறுபடி எடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலத்துக்காகப் பணிபுரியும் மருத்துவர்கள், உணவியலாளர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர்